ஆறு பல் வண்டி

அந்தக் கம்பியைப் பிடிக்காதீர்கள் தம்பி, அது மாடு சாய்ந்துகொள்வதற்குப் போட்டது. இந்தக் கயிற்றைப் பிடியுங்கள். காலை அகட்டி வையுங்கள். அவ்வளவுதான். முன்னால் இடம் இருக்கிறது வாங்க என்று என் வீட்டுக்காரி இரண்டு தடவை கூப்பிட்டாள், நீங்கள்தான் கேட்கவில்லை. முதன்முதலாக வாங்கிய மாடு, அதோடுதான் வருவேன் என்றீர்கள். நல்லது. முதல் மாட்டுக்கு எல்லோரும் அப்படித்தான். நாலாவது மாட்டுக்கு வீட்டில் உட்கார்ந்துகொண்டு போன் பண்ணுவீர்கள்.

பங்களாப்புதூர் போய்ச் சேர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். மாட்டை ஏற்றும்போது ஒன்று கேட்டீர்கள் இல்லையா, பெரிய பிக்கப் ஒன்று எடுக்க வேண்டும், புதுசு எடுப்பதா பழசு எடுப்பதா, எந்த எஞ்சின் நல்லது என்று. சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். அந்தியூர் சந்தையில் போய் நாச்சிமுத்துத் தரகர் என்று கேட்டுப் பாருங்கள். முப்பத்திரண்டு வருஷம். நாலு கால் இருக்கிற எதையும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். நாலு சக்கரமும் அதே கணக்குத்தான்.

இந்த வண்டியை எடுத்தது நான்தான். அதாவது, இதற்கு முன்னால் ஒன்று எடுத்தேன். அதை எடுத்ததால்தான் இது வந்தது. அப்படிப் பார்த்தால் இதையும் நான் எடுத்ததாகத்தான் அர்த்தம்.

முன்பெல்லாம் மாடு வாங்கினவன் ஓட்டிக்கொண்டு போவான். கோபிக்காரன் கோபிக்கு ஓட்டுவான், பவானிக்காரன் பவானிக்கு ஓட்டுவான். தரகன் வேலை சந்தையோடு முடிந்தது. இப்போது எவனுக்கும் நடக்க முடியவில்லை. மாட்டுக்கும் பழக்கம் விட்டுப்போய்விட்டது. மாட்டைக் காட்டினால் முதல் கேள்வி, வீட்டில் கொண்டுவந்து விடுவீர்களா என்பதுதான். செல்லக்குட்டி என்று ஒருத்தன், நேற்று வந்தவன், காளைக்கும் கிடாரிக்கும் பின்னால் போய்ப் பார்த்துத்தான் வித்தியாசம் சொல்வான், அவன் புதுசாக ஒரு பிக்கப் எடுத்துவிட்டான். என்னிடம் இருபது வருஷமாக மாடு பிடித்தவர்கள் என்னிடம் வந்து மாட்டைக் கேட்டு, பல்லைக் கேட்டு, பாலைக் கேட்டு, டீயும் வாங்கிக் குடித்துவிட்டு, அவனிடம் போய் வாங்கினார்கள்.

ஒருநாள் அவனே என்னிடம் வந்தான்.

"மாமா, இந்த வெய்யில்ல எதுக்குத் தனியாக் கெடந்து சீரழியறீங்க. எங்கூட வந்துருங்க. நீங்க மாட்டப் பாத்துச் சொன்னாப் போதும். கயிறு பிடிக்கறதுக்கு ஒரு கூலி போட்டுக் குடுத்தர்றேன்."

கயிறு பிடிப்பதற்கு. என்னைப் பார்த்து. ஆடித் திருவிழாச் சந்தைக்கு அப்போது இருபது நாள்தான் இருந்தது. குருநாதசாமி கோயில் சந்தை, கேள்விப்பட்டிருப்பீர்கள், வருஷத்துக்கு ஒன்று. அதற்குள் நமக்கென்று ஒரு வண்டி வராவிட்டால் அவனிடம் போய்க் கூலிக்கு நிற்க வேண்டியதுதான், வேறு வழி கிடையாது. வீட்டுக்கு வந்து சொன்னேன். துளசிமணி, அதுதான் இப்போது ஓட்டிக்கொண்டிருக்கிறாளே, அவள் சொன்னாள்.

"எடுக்கறதுன்னா புதுசா எடுங்க. பழசு நமக்குப் பாத்து எடுக்கத் தெரியாது."

"எனக்குத் தெரியாதா?"

"மாடு தெரியும்."

இவளுடைய அப்பன் வீட்டில் டிராக்டர் இருந்தது. பதினைந்து வயதில் உழுதவள். அப்புறம் மகள் கார் பழகப் போனபோது துணைக்கென்று கூடப் போனாள். டெஸ்ட் அன்றைக்கு மகள் மூன்று முறை வண்டியை அணைத்துவிட்டு அழுதுகொண்டு வந்தாள். துணைக்குப் போனவள் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்தாள். அதனால் எஞ்சின் பற்றித் தனக்கு நாலு விஷயம் தெரியும் என்று ஒரு நினைப்பு. பெண்களுக்கு அப்படி ஒன்று வந்துவிட்டால் நாம் பொறுத்துத்தான் போக வேண்டும்.

சரியென்று ஈரோட்டில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். கண்ணாடி, ஏசி, கீழே முகம் தெரிகிற தரை. என் செருப்பில் சாணி இருந்தது. வெளியே விட்டுவிட்டுப் போனேன். ஷர்மிளா என்று ஒரு பெண், கழுத்தில் அட்டை போட்டிருந்தது, எங்களை வரவேற்றுச் சொல்ல ஆரம்பித்தது. சார், இது டீசல், இழுக்கிற டார்க் இவ்வளவு. சார், இது காஸ், கிலோவுக்கு இத்தனை கிலோமீட்டர். காஸ் உருளைகளை வண்டியின் வயிற்றில் வரிசையாகக் கட்டியிருந்தார்கள். குனிந்து பார்த்தேன். வயிற்றில் காஸ் இருக்கிற மாட்டை நான் விற்றிருக்கிறேன் தம்பி, வாங்கினதில்லை.

டீசலுக்கு வந்தோம்.

"இதுல தனியா ஒரு டேங்க் இருக்கும் சார். யூரியா கரைசல் ஊத்தணும். புகை சுத்தமாகிடும்."

"என்ன கரைசல்?"

"யூரியா சார்."

"வயலுக்குப் போடறதா?"

"அந்த மாதிரிதான் சார். ஆனா இது வேற."

யூரியா தின்ற மாடு பிழைக்காது. என் கண் முன்னால் மூன்று மாடு போயிருக்கிறது, வயிறு ஊதி, கால் வெட்டி இழுத்து. அதை ஒரு எஞ்சினுக்கு ஊற்று என்று ஒரு சின்னப்பெண் சிரித்துக்கொண்டே சொல்கிறது. நான் துளசிமணியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"ஏங்கண்ணு, லோடோட ஏத்தத்துல நின்னுட்டா, கிளட்ச்ச விடறப்ப வண்டி பின்னால வருமா?"

"வராதுங்க மேடம். ரெண்டு மூணு செகண்ட் தானாப் பிடிச்சுக்கும்."

"காலைல சூடேறாமப் பச்சையா இருக்கறப்ப ஒரே சாவில கிளம்புமா?"

"நேத்து சாயங்காலத்துல இருந்து நிக்குதுங்க மேடம். நீங்களே போட்டுப் பாருங்க."

போட்டாள். கிளம்பியது. புதுசு கிளம்பாமல் என்ன செய்யும். அதற்கப்புறம் அந்தப் பெண் என் பக்கமே திரும்பவில்லை. வண்டிக்குள் இருவரும் ஏறி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே போய்ச் செருப்புக்குக் காவலாக நின்றேன்.

நான் சொல்வதை நன்றாகக் கேளுங்கள், இதுதான் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில். புதுவண்டி என்பது பல் போடாத கன்று. பார்க்க அழகாக இருக்கும். அது வளர்ந்து ஏர் இழுக்குமா, படுத்துக்கொள்ளுமா, கறக்கும்போது உதைக்குமா, எதுவும் தெரியாது. குணம் தெரியாத கன்றைத் தரகன் வாங்க மாட்டான். மாட்டுக்கு வயசைப் பல்லை எண்ணித்தான் பார்ப்போம், எங்கள் கணக்கில் ஆறு பல்தான் சரியான வயசு. வேலை பழகியிருக்கும், வலுவும் இருக்கும், குணமும் வெளியே தெரிந்திருக்கும். வண்டிக்கு ஆறு பல் என்றால் ஒரு ஏழெட்டு வருஷம் ஓடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். யூரியா குடிக்காத பழைய எஞ்சின். அடித்தாலும் உதைத்தாலும் எந்தப் பட்டறையிலும் பிரித்து மாட்டலாம். இதை நான் பஸ்ஸில் வரும்போது துளசிமணிக்கு விளக்கிச் சொன்னேன். தூங்கிவிட்டாள்.

பவானி ரோட்டில் ஜெகதீசன் என்று ஒருவர் பழைய வண்டிகள் வைத்து வியாபாரம் செய்கிறார். கம்பி வேலி போட்டு உள்ளே இருபது, முப்பது நிற்கும். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் போனோம். நான் யாரென்று அவருக்குச் சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்தார்.

"அண்ணனப் பாத்தா மாட்டு வியாபாரம் மாதிரித் தெரியுது."

"எப்படித் தெரியும்?"

"வண்டியச் சுத்தி வர்ற நடையே சொல்லுதுங்கண்ணா. சாதாரண ஆளுக நேரா வந்து கதவத் தொறப்பாங்க."

விஷயம் தெரிந்த மனுஷன். அவர் ஒரு வெள்ளை வண்டியைக் காட்டினார். பெரிய பிக்கப், ஒன்றரை டன் ஏற்றலாம், நீளமான தொட்டி, பழைய டீசல் எஞ்சின். ஒரே கை ஓட்டியது, வாத்தியார் வண்டி என்றார். வாத்தியாருக்கு எதற்கு ஒன்றரை டன் வண்டி என்று துளசிமணி கேட்டாள். அவர் மறுபடியும் என் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் சுற்றி வந்தேன். மாட்டுக்கு முதலில் சுழி பார்க்க வேண்டும். திமில் மேல் கோபுரச்சுழி இருந்தால் வீட்டுக்கு ஆகும். வாலுக்குப் பக்கம் துடைப்பச்சுழி இருந்தால் உள்ளதையும் கூட்டித் தள்ளிவிடும். இந்த வண்டிக்கு வாலில், அதாவது பின்கதவில், ஒரு கீறல் கிடையாது. கேபினின் உச்சியில் ஏறிப் பார்த்தேன். சரியாகத் திமில் இருக்கும் இடத்தில் எட்டணா அகலத்துக்கு வட்டமாகத் துரு. கோபுரச்சுழி. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. நான் வெறும் சுழியை நம்பி வாங்குகிறவன் இல்லை. அந்த வண்டிக்கு என்னென்ன செய்து நிறுத்தியிருந்தார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. டயருக்குக் கருப்பு பூசியிருந்தார்கள். எஞ்சினைக் கழுவி எண்ணெய் தடவியிருந்தார்கள். சத்தம் வராமல் இருக்கக் கெட்டியான ஆயில் ஊற்றியிருந்தார்கள். இதெல்லாம் குற்றமா? நான் கொம்புக்கு எண்ணெய் தடவாமல் ஒரு மாட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்திருக்கிறேனா? ஒருநாள் கறக்காமல் விட்டால் மடி நிறைந்து நிற்கும். உப்பைக் கொடுத்துத் தண்ணீர் காட்டினால் ஒட்டிய வயிறு மேடு தட்டும். அது ஏமாற்று இல்லை தம்பி. வாங்க வருகிறவனுக்குக் காட்டும் மரியாதை. அழுக்கு வேட்டியோடு பெண் பார்க்கப் போவோமா?

மடியை ஏன் பார்க்கிறீர்கள். உங்கள் மாட்டுக்கு அதெல்லாம் செய்யவில்லை. தேவைப்படவில்லை.

எங்கே விட்டேன். ஆ, துளசிமணி போய் பானட் மேல் கையை வைத்தாள்.

"ஏனுங்க, இது சூடா இருக்குது. நாம வர்றதுக்கு முன்னாலயே கிளப்பி ஓட்டி வெச்சிருக்காங்க."

"சூடா இருந்தா உசுரோட இருக்குதுன்னு அர்த்தம்."

"பச்சையாக் கிளப்பிப் பாக்கணுங்க. நாளைக்குக் காலைல வரலாம்."

ஒரு வியாபாரத்தின் நடுவில், எதிராளி நிற்கும்போது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். நான் துண்டை எடுத்து உதறினேன். எங்கள் வியாபாரத்தில் விலையை வாயால் சொல்ல மாட்டோம். துண்டுக்கு அடியில் இருவரும் கையைக் கொடுத்து விரலைப் பிடித்துப் பேசுவோம். சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியாது. கட்டின பெண்டாட்டிக்கும் தெரியாது, அதுதான் அதிலுள்ள வசதி. ஜெகதீசனுக்கு விரல் கணக்கு தெரியவில்லை. கற்றுக்கொடுத்தேன். இரண்டே நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார். கடைசியில் அவர் என் சுண்டுவிரலை விடவே மாட்டேன் என்று நின்றார், நானே விட்டுக்கொடுத்துவிட்டேன். புதுசாகக் கற்றுக்கொண்டவர், மனம் நோகக் கூடாது.

பேசி முடித்ததும் அவர் ஒரு சீட்டு எழுதினார். ஏழு நாளைக்குள் எஞ்சினில் ஏதாவது கோளாறு என்றால் வண்டியை விட்டுவிட்டுக் கொடுத்ததை வாங்கிக்கொள்ளலாம், அவர்கள் கடை வழக்கம் என்றார். நான் சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இது என்னத்துக்கு. கயிறு மாறினா மாறினதுதான்."

எங்களுக்கு அது வேதம். சந்தையில் விற்றவன் தன் பழைய கயிற்றை அவிழ்த்துக்கொள்வான், வாங்கினவன் தன் புதுக் கயிற்றைப் போடுவான். அந்த நிமிஷத்தோடு சரி. அப்புறம் மாடு உதைத்தாலும், பால் தராவிட்டாலும், ராத்திரி சுவரை நக்கினாலும், திருப்பி ஓட்டிவருகிறவனைச் சந்தையில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். நானே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், கண்ணில் தண்ணீரோடு வந்தவர்களை. அப்படிப்பட்டவன் சீட்டு வாங்கிக்கொண்டு போவதா? மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். துளசிமணி எனக்குப் பின்னால் வந்தாள். என்னத்தையோ மடித்துப் பர்ஸில் வைத்தாள். நான் கண்டுகொள்ளவில்லை.

ஓட்டுவதற்கு மாரப்பன் என்று ஒரு டிரைவரை அமர்த்தினேன். "நான் ஓட்டறேனே" என்றாள். சந்தைக்குள் என் பெண்டாட்டி வண்டி ஓட்டிக்கொண்டு வந்தால் செல்லக்குட்டி என்ன பேசுவான்? வேண்டாம் என்றுவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் மாரப்பன் சாவியைப் போட்டான். கிளம்பவில்லை. அரைமணி நேரம் போட்டான். பிறகு ஒரு இருமல் இருமி, வெள்ளையாகப் புகை விட்டது பாருங்கள், தெருவே மறைந்துவிட்டது. கொசு மருந்து அடிக்கிறார்கள் என்று நினைத்து எதிர்வீட்டில் பாத்திரங்களை மூடிவைத்தார்கள். பிள்ளைகள் புகைக்குள் ஓடி விளையாடினார்கள். இவள் வாசலில் நின்று பார்த்தாள்.

"மார்கழியில மாடு மூச்சு விட்டாக்கூடப் புகை வரும்" என்றேன்.

"இது ஆடிங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அவள் அதிகம் பேச மாட்டாள். அதுதான் அவளிடம் உள்ள குறை.

ஞாயிற்றுக்கிழமை பர்கூர் மலைக்கு லோடு. மாதப்பா என்று என்னுடைய பழைய ஆள், மலைமேல் தோட்டம், இரண்டு கறவை மாடு கேட்டிருந்தார். என்னிடம் மாடு எடுக்கும் கடைசி பெரிய கை அவர்தான், மற்றவர்கள் எல்லாம் செல்லக்குட்டி பக்கம் சாய்ந்துவிட்டார்கள். நல்லபடியாகக் கொண்டுபோய் இறக்கிவிட்டால் மலையில் இருக்கும் பத்துப் பேர் பிறகு எனக்குத்தான். ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். வரட்டுப்பள்ளம் வரைக்கும் ராஜா மாதிரி போனது. ஏற்றம் ஆரம்பித்தது. முதல் கொண்டை ஊசி வளைவில் முனகியது. இரண்டாவது வளைவில் நின்றுவிட்டது. மாரப்பன் கிளட்சை விட்டான், வண்டி பின்னால் போனது. கல்லை வைத்து நிறுத்தினோம். மறுபடி கிளப்பினால் புகை. மலையெல்லாம் புகை. குரங்குகள் இறங்கி வந்து வரிசையாக உட்கார்ந்து பார்த்தன.

"மெக்கானிக்கக் கூட்டிட்டு வர்றேனுங்க" என்று மாரப்பன் கீழே போகும் பஸ்ஸில் ஏறினான். போனவன்தான். இப்போது பெருந்துறையில் ஏதோ கம்பெனியில் செக்யூரிட்டியாக இருக்கிறான் என்று கேள்வி.

மாதப்பாவுக்குப் போன் போட்டேன். எந்த வளைவு என்று கேட்டார். ரெண்டாவது என்றேன். இருங்க வர்றேன் என்றார். மத்தியானம் வந்தார். எதில் வந்தார் என்கிறீர்கள்? தன்னுடைய சோடிக் காளைகளை ஓட்டிக்கொண்டு இறங்கி வந்தார். பர்கூர் மாடு, செம்மறை, சிவப்பில் வெள்ளைத் திட்டு, பக்கத்தில் ஆள் போனால் முறைக்கும். கறவை மாடுகளை இறக்கிவிட்டு, வண்டிக்கு வடக்கயிறு போட்டு, நுகத்தில் கட்டினார். நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். எனக்கு ஓட்டத் தெரியாது, ஆனால் மாடு இழுக்கும் வண்டியில் உட்காரத் தெரியும். காளைகள் முட்டி போட்டு இழுத்தன பாருங்கள். ஒன்றரை டன் வண்டி அசைந்து, நகர்ந்து, வளைவைத் தாண்டி, தாமரைக்கரை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் தலையை வெளியே நீட்டிப் படம் பிடித்தார்கள்.

அந்தக் காளைகள் இருக்கிறதே, கன்றாக இருந்தபோது மாதப்பாவுக்குப் பிடித்துக்கொடுத்தது நான்தான். நான் பார்த்து எடுத்த மாடு, நான் பார்த்து எடுத்த வண்டியை இழுத்தது. ஒரு தரகனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அந்த நேரம் பார்த்துத்தான் செல்லக்குட்டி தன் பிக்கப்பில் எதிரே இறங்கி வந்தான். வண்டியை ஓரமாக நிறுத்தினான். இறங்கினான்.

"மாமா, மைலேஜ் என்ன குடுக்குதுங்க? புல்லுல ஓடுதா, தவிட்டுல ஓடுதா?"

நான் ஸ்டியரிங்கில் இருந்த தூசியைத் துடைத்தேன். நுகத்துக்கு முன்னால் நின்ற மாதப்பாதான் சிரித்துவிட்டார். அவர் சிரித்தது எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

மாதப்பாவுக்குத் தெரிந்த டிரைவர் பையன் ஒருத்தன் வண்டியை இறக்கத்தில் உருட்டிக்கொண்டு வந்து வீட்டில் விட்டான். வந்ததும் துளசிமணி கேட்டாள், "நாளைக்குப் போய்க் குடுத்துட்டு வந்தர்லாமா? இன்னும் நாள் இருக்குது."

"கயிறு மாறினது மாறினதுதான்."

"மாடு இல்லீங்க அது."

"எனக்கு எல்லாம் ஒண்ணுதான்."

"அப்ப சந்தைக்கு என்ன பண்ணுவீங்க?"

அதற்கு நான் ஏற்கனவே வழி வைத்திருந்தேன். உதைக்கும் மாட்டை என்ன செய்வோம்? உதைப்பது தெரியாத ஆளுக்கு விற்போம். அது சந்தையின் முறை. புதன்கிழமை ஆடிச் சந்தை ஆரம்பம். செவ்வாய் இரவே வண்டியைக் கழுவி, டயருக்குக் கருப்பு பூசி, சந்தனம் குங்குமம் வைத்து, அதே டிரைவர் பையனை வைத்துச் சந்தைத் திடலில் சரிவான இடமாகப் பார்த்து மூக்கு கீழே பார்க்க நிறுத்தினேன். விடியற்காலையில் அவனே கிளப்பிக் கொடுத்தான், அப்புறம் எஞ்சினை அணைக்கவே இல்லை. சூடாக, அமைதியாக, உறுமிக்கொண்டு நின்றது. பக்கத்தில் ஒரு செவலைப் பசுவும் கட்டியிருந்தேன், அது என் சொந்தப் பசு, விற்பனைக்கு வைத்தது.

பத்து மணி இருக்கும். நகலூர் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். வாழைத்தோட்டம், வெள்ளந்தி மனுஷன், சட்டைப் பையில் பேனாவும் இல்லை போனும் இல்லை. வண்டியைச் சுற்றி வந்தார். பிடித்துப்போனது முகத்திலேயே தெரிந்தது. நான் கோபுரச்சுழியைக் காட்டினேன். கும்பிட்டார். துண்டை விரித்தேன். இரண்டு விரல் பேசிவிட்டோம், மூன்றாவது விரலில் இருக்கிறோம், இவள் சாப்பாட்டுத் தூக்குப் பாத்திரத்தோடு வருகிறாள்.

அவருக்கு இவளைத் தெரியாது. சும்மா பேச்சுக்குக் கேட்டார், "ஏனுங்கம்மா, வண்டி உங்களுதுங்களா? நல்லா ஓடுதுங்களா?"

"ஏத்தம் ஏறாதுங்க" என்றாள். "காலைல பச்சையாக் கிளம்பாது. அதான் அணைக்காம வெச்சிருக்குது."

சாப்பாட்டை எங்கே வைக்கட்டும் என்று கேட்கிற குரலில் சொன்னாள் தம்பி. என் கை துண்டுக்குள் அவர் விரலைப் பிடித்தபடியே இருந்தது. சுற்றிலும் பதினைந்து தரகர்கள். எல்லோரும் என் துண்டையே பார்த்தார்கள். அவர் மெதுவாக விரலை உருவிக்கொண்டார். எனக்கு அந்த நிமிஷம் செல்லக்குட்டியிடம் கூலிக்குப் போவதே மேல் என்று தோன்றியது.

அந்த மனுஷன் போகவில்லை. பசுவைக் காட்டி அவளிடமே கேட்டார், "அப்ப இந்தச் செவலை?"

"நல்ல மாடுங்க. நாந்தான் கறக்கறேன். ரெண்டு வேளைக்கும் சேத்து எட்டு லிட்டர், அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க. புது ஆள் பக்கத்துல போனா ஒரு வாரம் உதைக்கும்."

நான் பன்னிரண்டு லிட்டர் என்று சொல்ல வைத்திருந்தேன். அவர் விரலும் பேசவில்லை, துண்டும் கேட்கவில்லை. அவள் சொன்னதற்கு அப்படியே வாங்கிக் கயிறு மாற்றிக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் நின்றிருந்த இரண்டு பேர், எங்களுக்கும் மாடு வேணும், எது உதைக்காது என்று அவளைச் சுற்றிக்கொண்டார்கள். எல்லாம் நான் பார்த்துப் பார்த்துச் சேர்த்துவைத்திருந்த மாடுகள். மாடு நன்றாக இருந்தால் யார் சொன்னால் என்ன, விற்கும். சாயங்காலத்துக்குள் ஐந்து போய்விட்டது.

மறுநாள் ஏழாவது நாள். காலையில் சாவியை எடுத்தாள்.

"வர்றீங்களா?"

"நான் வரமாட்டேன்."

"சரி."

அவளே கிளப்பி, புகையோடு புகையாக, பவானி ரோட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். நான் சலூனுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். முகச்சவரம் ஆனது, முடி வெட்டியானது, இனி வெட்ட ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் உட்கார்ந்திருந்தேன். ஜெகதீசனிடம் என்ன பேசினாள் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. சீட்டைக் காட்டினாளாம், அவர் தண்ணீர் கொடுத்தாராம். அவ்வளவுதான் சொன்னாள். இப்போதும் அந்த வழியாகப் போகும்போது எங்கள் வண்டியைப் பார்த்தால் அந்த மனுஷன் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுகிறார். என் மேல் அப்படி ஒரு மரியாதை.

அப்படியே ஈரோட்டுக்குப் பஸ் ஏறிப் போய் அந்த ஷர்மிளாவிடம் இந்த டீசல் வண்டியை எழுதிவிட்டு வந்திருக்கிறாள். மீதிப் பணத்துக்கு என்ன செய்தாள் என்பது அவளுக்கும் அவளுடைய அண்ணனுக்கும்தான் தெரியும். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள், வெள்ளையா பழுப்பா என்று. பழுப்பு என்றேன், சாணி தெரியாது. அதனால்தான் சொல்கிறேன், இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தது நான்தான்.

மூன்று வருஷம் ஆகிறது. யூரியாவைக் குடித்துக்கொண்டு ஓடுகிறது. இதுவரை வயிறு ஊதவில்லை. பர்கூர் மலைக்கு வாரம் இரண்டு தடவை போகிறோம். மாதப்பா இப்போதும் மாடு எடுக்கிறார், அவர் சொல்லி மலையில் எட்டுப் பேர் எடுக்கிறார்கள். எல்லோரும் அவளுக்குத்தான் போன் பண்ணுவார்கள். வண்டிக் கதவில் எழுதியிருப்பதும் அவள் நம்பர்தான், நான் மாட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதால் எனக்குப் போன் எடுக்கக் கை ஒழிவதில்லை. போனில் மாடு எப்படி என்று கேட்பார்கள். மூன்று வேளை கறந்து பாருங்கள், சரியில்லை என்றால் சொல்லுங்கள், நானே வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்பாள். இப்படிச் சொன்னால் வியாபாரம் என்ன ஆகும் என்று நான் சண்டை போட்டேன். மூன்று வருஷத்தில் இரண்டு மாடுதான் திரும்பி வந்தது. அந்த இரண்டும் நான் அவளுக்குத் தெரியாமல் விற்றது, அதை விடுங்கள்.

செல்லக்குட்டியிடம் கூலிக்கு நான் போகவில்லை, பார்த்தீர்களா. சொந்த வண்டியில் போகிறேன். முன்னால் உட்காராததற்குக் காரணம் இருக்கிறது. முன்னால் உட்கார்ந்தால் கியர் மாற்றுவதற்கு முன்னால் நான் மாற்று என்று சொல்வேன். அவளுக்குப் பிடிக்காது. ஒருநாள் நடுரோட்டில் நிறுத்தி, பின்னால போய் மாட்டப் பாத்துக்குங்க என்றாள். எனக்கும் இதுதான் வசதி. காற்று வருகிறது. மாடுகளுக்கும் ஒரு தைரியம்.

ஆகவே தம்பி, புதுசா பழசா என்று கேட்டீர்கள். என் அனுபவத்தில் சொல்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு பழசு எடுங்கள். ஆறு பல். பழைய டீசல் எஞ்சின். பார்க்கத் தெரிந்த ஆள் கூட வர வேண்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை, நானே வந்து பார்த்துக் கொடுக்கிறேன். தரகு எதுவும் வேண்டாம்.

அத்தாணி வந்துவிட்டது. டீக்கு நிறுத்துகிறாள். இங்கே டீ நன்றாக இருக்கும். எனக்கு இங்கேயே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள், மாட்டை விட்டு இறங்க முடியாது. நீங்கள் இறங்கிக் காலை நீட்டிக்கொள்ளுங்கள்.

குடித்தாயிற்றா. என்ன, பையை எடுக்கிறீர்கள். முன்னால் உட்காரப் போகிறீர்களா? மாட்டோடுதான் வருவேன் என்றீர்களே. சரி, வெயில் ஏறுகிறது, போங்கள். மாட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நான் பிடித்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

தம்பி, ஒரு நிமிஷம். இப்படிப் பக்கத்தில் வாருங்கள். அவளிடம் வண்டியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். எஞ்சினைக் கேளுங்கள், டயரைக் கேளுங்கள், எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது என்று கேளுங்கள். இந்த மாட்டைப் பற்றி மட்டும் எதுவும் கேட்டுவிடாதீர்கள்.

கேட்டால் சொல்லிவிடுவாள்.